தாமரைக் கிழங்கில் ஏறிய எறும்பு

எங்க அத்தை ஹேமாவதிக்கு வேலை, படங்களைக் குளிப்பாட்டுவது. நான் வைத்த பெயர் இது. ஆபீசில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது, சொன்னால் யாருக்கும் புரியாது. எங்கேயோ ஒரு நூலகத்தில் நூறு வருஷம், இருநூறு வருஷம் பழைய செடி கொடிப் படங்கள் கிடக்கும். அதை அங்கேயே ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். கறை, பூஞ்சை, மடிப்பு, எவனோ கிளாஸ் வைத்த வட்டம் எல்லாம் கூடவே வரும். அத்தை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். அழுக்கு மட்டும் போக வேண்டும், படம் அப்படியே இருக்க வேண்டும். பி.எஸ்சி. தாவரவியல் படித்ததால் எது இலை நரம்பு, எது தாள் மடிப்பு என்று அவளுக்குச் சட்டென்று தெரியும்.

ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். முன்னே தினமும் கரையான்சாவடியில் பஸ் ஏறிப் போவாள். கொரோனா வந்தபோது எல்லாரையும் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். பிறகு கொரோனா எல்லாருக்கும் போய்விட்டது, எங்க அத்தைக்கு மட்டும் போகவில்லை. கரண்ட் மிச்சம், வாடகை மிச்சம் என்று ருசி கண்ட கம்பெனி, படப் பிரிவை வீட்டோடு விட்டுவிட்டது.

வீட்டில் அத்தைக்குக் கொடுத்த ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அப்பாவுக்கு, அதாவது அத்தையின் அண்ணன் குணசேகரனுக்கு, மெயின் ரோட்டில் மோட்டார் பம்பு கடை. கடையில் அடங்காத சரக்கெல்லாம் அந்த அறைக்குத்தான் வரும். பைப், வால்வு, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பக் கேட்காத மோட்டார்கள். நடுவில் ஒரு மேஜை, ஒரு மானிட்டர், அத்தை. ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து ஃப்ளாட்டின் சுவர், கை நீட்டினால் தொடலாம். "வெளிச்சம் வந்தா கலர் தப்பாத் தெரியும், இதான் நல்லது" என்பாள். எதைக் கேட்டாலும் எடுத்துச் சொல்ல அவளிடம் ஒரு நல்லது கைவசம் இருக்கும்.

அவளை ஆவடிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தாள். அடி உதை கிடையாது. அந்த மனுஷன் அவளோடு பேசவே மாட்டாராம். இவள் கேட்டால் அவர் தன் அம்மாவிடம் சொல்வார், அம்மா வந்து இவளிடம் சொல்வாராம். இதை ஜட்ஜுக்கு எப்படி நிரூபிப்பது? அத்தை விவாகரத்து கேட்டு கேஸ் போட்டாள். வாயே திறக்காத அவர், சேர்ந்து வாழ வேண்டும் என்று கேஸ் போட்டார். ஐந்து வருஷமாக இரண்டு கேசும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வாய்தாவுக்கு வாய்தா அப்பாவின் பைக்கில் கோர்ட்டுக்குப் போவாள், அதே பைக்கில் வருவாள். அத்தையின் சுற்றுலா அவ்வளவுதான்.

வேறு எங்கே போகக் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில். தோழி கல்யாணமா? "கேஸ் முடியட்டும்." திருப்பதியா? "கேஸ் முடியட்டும்." ஒருதரம் முடி வெட்டிக்கொள்ள பார்லருக்குப் போகிறேன் என்றாள். "கேஸ் நடக்கசொல்லோ முடி வெட்னா ஜட்ஜு இன்னா நினைப்பாரு?" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. அறையில் புழுக்கம் என்று அவரே போய் டேபிள் ஃபேன் வாங்கி வந்தார், கொசு கடிக்கிறது என்று ஜன்னலுக்கு வலை அடித்தார். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிப் போகலாம். வலை அடித்துக் கொடுப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

நான் பத்தாவது கணக்குப் பரீட்சைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பி வந்தவள். டுடோரியல் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அப்புறம் எனக்கும் போக்கிடம் அந்த மோட்டார் அறைதான். அங்கே நான் கண்டுபிடித்த விளையாட்டுதான் எறும்பு.

அத்தை பாத்ரூம் போகும் நேரம் பார்த்து, அவள் முடித்து வைத்த படத்தில் ஓர் எறும்பை ஒட்டிவிடுவேன். நெட்டில் எடுத்து எள்ளைவிடச் சின்னதாகச் சுருக்கிய எறும்பு. மாம்பழக் காம்பில் ஒன்று. பாகற்கொடி நரம்பின் மேல் ஒன்று. ஒரு தடவை வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்துக்குள்ளேயே ஒன்று. அத்தை திரும்பி வந்து, அனுப்புவதற்கு முன் மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். இதுவரை ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. "வந்துட்டாரு பாரு உன் ஊட்டுக்காரரு" என்று சொல்லி அதை அழிப்பாள். அப்புறம் சிரிப்பாள். அந்த அறையில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்பது அப்போது மட்டும்தான். அதனால் வாரத்துக்கு நாலு எறும்பாவது வைத்துவிடுவேன். எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

தை மாதம் முடிகிற சமயம் அத்தையின் டீம் லீடர் ஜமீலா மேடம் போன் செய்தார். கொல்கத்தாவில் ஒரு பழைய நூலகம் தன்னிடம் இருக்கிற படங்களை எல்லாம் மொத்தமாகக் கொடுக்கப் போகிறதாம். ஸ்கேன் எடுக்கும்போதே பக்கத்தில் நின்று, அசல் தாளைப் பார்த்து, எது கறை எது படம் என்று குறித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மூன்று மாசம் அங்கேயே தங்க வேண்டும், லேடீஸ் ஹாஸ்டல் ஏற்பாடு செய்வார்கள். ஐந்து பேரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு படம் வரும், அதுதான் பரீட்சை.

"கறையை விட்டா ஒரு மார்க் போகும் ஹேமா" என்று மேடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "படத்துல கை வெச்சா மொத்தமும் போகும். எவ்ளோ சின்னதா இருந்தாலும்."

போனை வைத்துவிட்டு அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் வலையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அங்க குளிருமாடி?"

இதற்கும் கேஸ் முடியட்டும் என்றார் அப்பா. எப்போதும் போல அத்தை பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"வக்கீல்கிட்ட கேட்டேண்ணா. மனு போட்டா ரெண்டு வாய்தாவுக்கு நான் வராட்டியும் பரவால்லயாம்."

"வக்கீலுக்கு நீ போன் பண்ணியா? யாரைக் கேட்டு?"

"என் கேசுதானேண்ணா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "மொதல்ல கெடைக்கட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார் அப்பா. கிடைக்காது என்கிற நம்பிக்கையில் சொன்னது அது.

அத்தைக்கு வந்தது தாமரை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் படம். ஒரே தாளில் தாமரையின் மொத்தக் குடும்பமும் இருந்தது. மேலே விரிந்த பூ, பக்கத்தில் மொட்டு, முதுகைத் திருப்பிக்கொண்ட ஓர் இலை. விதைகள் உட்கார்ந்திருக்கிற, ஷவர் தலை மாதிரியான அந்தக் காய். ஒரு விதையை இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கிற பச்சைக் குருத்தைக் காட்டியிருந்தது. அடியில் கிழங்கைக் குறுக்கே வெட்டி, துளைகள் தெரிய ஒரு துண்டு. தாளின் கீழே வரையச் சொன்ன துரையின் பெயர், பூவின் லத்தீன் பெயர். வரைந்த நம்மூர் ஆளின் பெயர் இல்லை.

அம்மா காப்பி கொடுக்க வந்து பார்த்தாள். "லட்சுமி உக்கார்ற எடத்தை இப்பிடியா கசாப்புக் கடை மாதிரி கூறு போட்டு வெப்பானுங்க?" என்று திட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா போனதும் அத்தை விரல் ரேகையைத் துடைத்தாள்.

"தோ பாரு" என்றாள் என்னிடம். "இந்தப் படம் முடியற வரைக்கும் எறும்பு கிடையாது. என் தலைல கை வெச்சி சத்தியம் பண்ணு."

வைத்துச் செய்தேன். என் சத்தியத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று எனக்கும் தெரியும். போன வாரம்தான், உப்பு டப்பாவில் ஒளித்து வைத்திருந்த காசைத் தொடவில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே செய்தேன். அத்தை எழுந்து போகும்போதெல்லாம் நானும் எழுந்து வெளியே போய் நின்றேன். எனக்கே என்மேல் சந்தேகம்.

ஒன்பது நாள் குளிப்பாட்டினாள். தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளி, கரப்பான் கடித்த ஓரம், நடுவில் தண்ணீர் ஓடிய தடம். புள்ளிகள் பூவிதழின் மேலும் இருந்தன. இதழின் நிறம் போகாமல் புள்ளியை மட்டும் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பினாள். திங்கள்கிழமை பதில் வந்தது. நூற்றுக்கு நூறு. ஐந்து பேரில் ஹேமாவதி.

அத்தை கத்தவில்லை, குதிக்கவில்லை. பரண் மேலிருந்து சூட்கேசை இறக்கி, துடைத்து, கட்டிலின் மேல் திறந்து வைத்தாள். அதைப் பார்த்த அப்பா சாப்பிடாமல் கடைக்குப் போனார். மறுநாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "போன் பண்ணா ஒடனே எடுக்கணும்" என்றார். அத்தைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. எங்க அப்பாவின் பாஷையில் சரி என்ற சொல் கிடையாது. இதுதான் சரி.

அன்றைக்கு மத்தியானம் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள், சந்தோஷம் கையில் தெரிந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத" என்றாள். "சத்தியம் பண்ணிட்டு வெச்ச பாரு, அந்த எறும்பு. அது மட்டும் சூப்பரு."

"எந்த எறும்பு?"

"நடிக்காத. கிழங்கு மேல வெச்சியே."

"நான் வெக்கல அத்தை."

"ஏய், நான் திட்டலடி. மத்ததெல்லாம் ஒட்டின மாதிரி தெரியும். இதுக்குக் காலுக்குக் கீழ நெழலு, ஒரு கால் வேற தூக்கிகினு. எப்பிடிப் பண்ண?"

நான் திரும்பினேன். பின்னல் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டது. "அத்தை, உன் தலை மேல சத்தியம் பண்ணேன். நான் வெக்கவே இல்ல."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்ட மாதிரி. பிறகு சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு மாடிப்படி அறைக்கு ஓடினாள்.

நூலகம் முதலில் அனுப்பிய ஸ்கேனைத் திறந்தாள். கிழங்கின் மேல், வெட்டிய பக்கத்துக்கு ஒரு நெல் தூரத்தில் எறும்பு இருந்தது. பெரிதாக்கினாள். கிழங்கின் நிழலுக்குப் போட்ட அதே பழுப்பு வர்ணம். ஆறு காலும் ஒவ்வொரு இழுப்பு, முடியைவிட மெல்லிய தூரிகையால். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ வரைந்த எறும்பு. அதை எங்க அத்தை என் எறும்பு என்று நினைத்து அழித்து அனுப்பிவிட்டாள். சரிபார்த்தவர்கள் கறையை மட்டுமே தேடியதால் அவர்களும் கவனிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள நிக்கற தாமரைக்கு எறும்பு எப்பிடி வரும்? அதான் சந்தேகமே வரல, உன் வேலைதான்னு..." அத்தை நிறுத்தினாள். திரையைத் தொடாமல் விரலை அதன் பக்கத்தில் வைத்தாள். "அவன் கொளத்துல உக்காந்து வரையலடி. பிடுங்கியாந்து, கழுவி, வெட்டி, மேஜை மேல வெச்சிக் குடுத்திருக்காங்க. வெட்டின எடத்துல பால் கசியும். அதுக்கு எறும்பு வந்திருக்கு."

"அதையும் வரைஞ்சிட்டானா?"

"துரை எறும்பு வரையச் சொல்லியிருக்க மாட்டாரு. இது அவனா வரைஞ்சது."

என் மூளை வேகமாக வேலை செய்தது. "இப்ப இன்னா? யாருக்கும் தெரியாது. நூறு மார்க் குடுத்துட்டாங்க. வாயை மூடிகினு ரயில் ஏறு."

"வியாழக்கிழமை வரைக்கும் திருத்தம் அனுப்பலாம். அப்புறம் பூட்டிடுவாங்க. படங்களைச் சேத்துப் போடற புஸ்தகத்துலயும் இதான் அச்சாகும்."

"எறும்பு அத்தை! ஒரு எறும்பு! அதுக்காக இந்த மோட்டார் குடோன்லயே கெடக்கப் போறியா?"

"நான் அங்க போய் இன்னா வேலை செய்யப் போறேன்? எது கறை, எது படம்னு சொல்ற வேலை." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதைச் சரியா சொல்லாமதான் அந்த வேலையை வாங்கியிருக்கேன்."

"அப்ப என் பேரைச் சொல்லு. வீட்ல ஒரு பிசாசு கீது, அது எறும்பு ஒட்டி ஒட்டிப் பழக்கிடிச்சின்னு சொல்லு."

"ஆபீஸ் ஃபைலை ஊட்ல இன்னொருத்தி தொட்டான்னு தெரிஞ்சா, கொல்கத்தா இல்ல, இந்த மேஜையே இருக்காது. மெஷினைத் தூக்கிகினு போயிடுவாங்க. அப்புறம் பகல் முழுக்க நான் இந்த ஊட்ல இன்னா பண்ணுவேன்?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது, அதில் ஒரு சுவரை நான் கட்டியிருந்தேன்.

புதன்கிழமை முழுக்க அவள் எதுவும் செய்யவில்லை. சூட்கேசில் இரண்டு புடவை வைத்தாள், எடுத்தாள். நான் டுடோரியலுக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போகட்டும், நெட் போகட்டும், வியாழன் வரை போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மெயின் ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் ஏதாவது செய்து தொலைக்கக் கூடாதா? தேவையில்லாத நாளெல்லாம் போகிற கரண்ட் அன்றைக்கு அசையவில்லை. நாலு மணிக்கு அத்தை நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எறும்பைத் திரும்ப வைக்க அவளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மெயில் எழுதத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

ஆறு மணிக்கு ஜமீலா மேடம் கூப்பிட்டார். அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹேமா, நெஜமா சொல்லு. எட்டு வருஷமா உன் வேலையைப் பாக்கறேன். எறும்பைப் போய் கறைன்னு எடுத்தியா?"

"ஆமாம் மேடம்."

"சின்னக் குழந்தையைக் கேட்டாலும் எறும்புன்னு சொல்லுமேம்மா. எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை எட்டி என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. "அவசரத்துல கவனிக்கல மேடம்."

"நீயா சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எனக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்து கொரட்டூர் ஸ்ரீராம் இருக்கான், அவனுக்குத்தான் போகும்." எதையோ டைப் செய்யும் சத்தம் கேட்டது. "காலைல ஒரு வாழைப்பூ அனுப்பறேன். அது ரொம்ப அழுக்கு."

"சரி மேடம்."

போன் அணைந்த பிறகுதான் என் வாயிலிருந்து கையை எடுத்தாள். நான் அழவில்லை. கண்ணில் தூசி விழுகிற அறைதான் அது.

எட்டு மணிக்கு அப்பா வந்தார். கட்டிலில் சூட்கேஸ் இல்லாததைக் கவனித்தார். அம்மா அதற்குள் அவரிடம், ஹேமா போகப் போவதில்லையாம் என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவின் முகம் கோயிலில் அர்ச்சனைத் தட்டு வாங்கியவர் மாதிரி இருந்தது. அவரே கரண்டியை எடுத்து அத்தைக்குக் குழம்பு ஊற்றினார்.

"என் தங்கச்சி பாத்தியா" என்றார் அம்மாவிடம். "இவ்ளோ தூரம் கெடைச்சும் வேணாம்னுட்டா. அண்ணன் மனசு கஷ்டப்படும்னு விட்டுக் குடுத்துட்டா."

அத்தை தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டால் அவளுக்கு நல்ல பெயர். அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும் தப்பித்த மாதிரி.

"நான் விட்டுக் குடுக்கலண்ணா" என்றாள். "தப்பு பண்ணேன். எடுத்துட்டாங்க."

"சரி போவுது. எல்லாம் நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கு இல்லண்ணா." அத்தை இப்போது தலை நிமிர்ந்திருந்தாள். குரல் உயரவில்லை. "கெடைச்சிருந்தா போயிருப்பேன். நீ சாப்டாம கடைக்குப் போயிருந்தாலும் போயிருப்பேன்."

அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அப்பளத்தைப் பார்த்தேன். அப்பா மெதுவாக அந்தக் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பின்பக்கம் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அத்தை எழவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு, மோர் ஊற்றிப் பிசைந்து, நிதானமாக முழுக்கச் சாப்பிட்டாள்.